புகுந்த வீட்டில் முதல் வருஷம்

1953-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரம். புத்தம் புதிய மைதானம். சுற்றிலும் 34,357 ஜனங்கள்.

நடந்தது பேஸ்பால் ஆட்டம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு அப்படி பேஸ்பால். ஒன்பது இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்துவிடுவதுதான் வழக்கம். அன்று ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரு தரப்பும் 2 ஓட்டங்கள்! பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கிற்று.

மில்வாக்கி தரப்பில் மட்டையோடு வந்து நின்றார் பில் புரூட்டன். பெரிய லீகில் அந்த வருஷம்தான் அடியெடுத்து வைத்த கறுப்பின வீரர். ஓட்டத்தில் புலி. ஆனால் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் பலசாலி என்று பெயர் எடுத்தவர் அல்ல.

அடித்தார். பந்து உயரப் பறந்து வலது பக்க வேலியை நோக்கிப் போயிற்று. அங்கே காவல் நின்ற செயின்ட் லூயிஸ் வீரர் எனோஸ் ஸ்லாட்டர் எட்டிப் பிடித்தார். பந்து அவருடைய கையுறையில் பட்டது. ஆனால் தங்கவில்லை! நழுவி, வேலிக்கு அப்பால் விழுந்துவிட்டது.

நடுவர் முதலில், "இரண்டு தளம் மட்டுமே" என்று சைகை காட்டினார். மில்வாக்கி மானேஜர் சார்லி கிரிம் ஓடி வந்தார். வாதாடினார். நடுவர் தமது தீர்ப்பை மாற்றிக்கொண்டார். ஹோம் ரன்! மில்வாக்கி 3, செயின்ட் லூயிஸ் 2.

அந்த சீசன் முழுவதிலும் புரூட்டன் அடித்த ஹோம் ரன் அது ஒன்றுதான். ஆனால் அந்த ஓர் அடி, ஒரு நகரத்தையே பைத்தியமாக அடித்துவிட்டது!

அதற்குக் காரணம் உண்டு. ஜெயித்த 'பிரேவ்ஸ்' அணி, ஒரு மாதத்துக்கு முன்பு வரை மில்வாக்கியின் அணியே அல்ல. 900 மைல் தொலைவில் உள்ள பாஸ்டன் நகரின் அணி. பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்கு வந்த மணப்பெண்ணைப் போல அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

நகராத தேர்கள்

அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளிலும் சேர்த்து அப்போது 16 அணிகள் இருந்தன. அவை 10 நகரங்களில் ஆடின. 1903-ம் ஆண்டு முதல் ஐம்பது வருஷமாக ஓர் அணிகூட ஊர் மாறவில்லை. உலக யுத்தம் இரண்டு வந்து போயின. பொருளாதார மந்தம் வந்து போயிற்று. ஆனால் பேஸ்பால் அணிகள் மட்டும் நிலைக்கு வந்த தேர்போல அசையாமல் நின்றன.

நியூயார்க்கில் பிறந்தவனுக்கு இன்ன அணி, சிகாகோவில் பிறந்தவனுக்கு இன்ன அணி என்பது அப்பன் பாட்டன் விட்டுப்போன சொத்து மாதிரி. அது மாறும் என்று யாரும் எண்ணியதில்லை.

முதலில் அசைந்த தேர், பாஸ்டன் பிரேவ்ஸ்.

அது சாதாரண அணி அல்ல. 1871-ம் ஆண்டில் தோன்றியது. 1914-ம் ஆண்டு ஜூலையில் லீகின் கடைசி இடத்தில் கிடந்து, அதே ஆண்டில் உலகக் கோப்பையையே தட்டிச் சென்ற அதிசய அணி. 1948-ல் நேஷனல் லீக் பட்டத்தை வென்றது. அந்த வருஷம் அதன் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 14 லட்சத்து 55 ஆயிரம் பேர்.

நாலே வருஷத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1952-ம் ஆண்டு முழுவதும் சேர்த்து வந்தவர்கள் 2,81,278 பேர்தான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி நாலாயிரம் பேர்கூட இல்லை! அணி எட்டில் ஏழாவது இடத்தில் கிடந்தது. அதே ஊரில் ரெட் சாக்ஸ் என்ற இன்னொரு அணி இருந்தது. டெட் வில்லியம்ஸ் என்ற மகா வீரரை வைத்துக்கொண்டு அது ரசிகர்களையெல்லாம் இழுத்துக்கொண்டது.

1952 செப்டம்பர் 21-ந் தேதி பாஸ்டனில் பிரேவ்ஸ் ஆடிய ஆட்டத்துக்கு 8,822 பேர் வந்திருந்தார்கள். புரூக்ளின் அணியிடம் தோல்வி. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போயிற்று. அதுதான் சொந்த ஊரில் தங்கள் அணியின் கடைசி ஆட்டம் என்று அந்த 8,822 பேரில் ஒருவருக்கும் தெரியாது. விடைகொடுத்து அனுப்பக்கூட அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு தயார்

மில்வாக்கி, பீருக்குப் பெயர்போன ஊர். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் சந்ததியார் நிறைந்த தொழிலாளர் நகரம். 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 6 லட்சத்து 37 ஆயிரம். தெற்கே 90 மைலில் மாபெரும் சிகாகோ. பெரியண்ணன் பக்கத்தில் நிற்கும் தம்பியை யார் கவனிப்பார்கள்?

ஊருக்கு ஒரு பழைய ஏக்கமும் உண்டு. 1901-ல் பெரிய லீக் அணி ஒன்று அங்கே ஒரே ஒரு சீசன் ஆடியது. மறு வருஷமே செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டது. அப்புறம் ஐம்பது ஆண்டுகள் சிறிய லீக் ஆட்டம்தான்.

ஆனால் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பெரிய அணி ஒன்றும் கையில் இல்லாதபோதே, பொதுமக்கள் வரிப்பணம் சுமார் 50 லட்சம் டாலர் செலவிட்டுப் பெரிய மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். பெண் பார்க்கு முன்பே கல்யாண மண்டபம் கட்டிய மாதிரி! அதன் பெயர் கவுண்டி ஸ்டேடியம்.

மண்டபம் இருப்பது தெரிந்ததும் பெண் வீட்டார் வரத் தொடங்கினார்கள். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் சொந்தக்காரர் பில் வீக் முதலில் கேட்டார். 1902-ல் மில்வாக்கியை விட்டுப் போனதே, அதே அணிதான் பிரவுன்ஸ்! பிறந்த மண்ணுக்கே திரும்ப அழைத்துவர வீக் விரும்பினார்.

ஆனால் குறுக்கே ஒருவர் நின்றார். அவர் லூ பெரினி. பெரிய கட்டட காண்டிராக்டர். பாஸ்டன் பிரேவ்ஸின் சொந்தக்காரர். மில்வாக்கியின் சிறிய லீக் அணியும் அவருடையதே. விளையாட்டுச் சட்டப்படி, அந்த ஊருக்குள் வேறு அணி வர அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் தர அவர் மறுத்துவிட்டார்.

மில்வாக்கி கொதித்தது. "நீரும் தரமாட்டீர், வருகிறவனையும் விடமாட்டீரா?" என்ற கோபம் ஊரெங்கும் பரவிற்று. பெரினி யோசித்தார். பாஸ்டனில் வெறும் ஆசனங்களுக்கு முன் ஆடி நஷ்டப்படுவதைவிட, தமது அணியையே மில்வாக்கிக்குக் கொண்டுபோனால் என்ன?

1953 மார்ச் 18-ந் தேதி நேஷனல் லீக் முதலாளிகள் கூடி ஏகமனதாகச் சம்மதம் தந்தார்கள். சீசன் தொடங்க நாலு வாரம்கூட இல்லை. வீரர்கள் அப்போது புளோரிடாவில் பயிற்சியில் இருந்தார்கள். பாஸ்டன் வீரர்களாகப் பயிற்சிக்குப் போனவர்கள், மில்வாக்கி வீரர்களாக ரயில் ஏறினார்கள்!

இலவசக் கார், இலவசப் பால்

ஏப்ரலில் அணி வந்து இறங்கியபோது ரயில் நிலையத்திலும் வீதிகளிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டிருந்தார்கள். வீரர்களை ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். அதுவரை அந்த அணி அந்த ஊருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை!

உபசாரம் அதோடு நிற்கவில்லை. கார் வியாபாரிகள் வீரர்களுக்கு ஓட்டக் கார் கொடுத்தார்கள். வீடுகளுக்குப் பாலும் பாலாடைக் கட்டியும் போயின. பீருக்குக் கேட்கவே வேண்டாம். சலவைக்காரர்கள் கூலி வாங்க மறுத்தார்கள். பாஸ்டன் தெருக்களில் யாரும் திரும்பிப் பாராத வீரர்கள், இங்கே கடைவீதிக்குப் போனால் கூட்டம் சேர்ந்துவிடும்.

மானேஜர் கிரிம் ஊருக்கு முன்பே தெரிந்தவர். மில்வாக்கியின் சிறிய லீக் அணியை நடத்தியவர். ஜெர்மானிய வம்சம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துச் சிரிக்க வைப்பவர். ஊருக்கும் அணிக்கும் அவர் ஒரு நல்ல தரகர்போல அமைந்தார்.

சீசன் ஏப்ரல் 13-ல் சின்சினாட்டியில் தொடங்கியது. அங்கே 2-0 என்று வெற்றி. மறுநாள்தான் சொந்த மைதானத்தில் புரூட்டன் அடித்த அந்த அடி. புது மருமகள் விளக்கேற்றிய அன்றே வீட்டுக்கு அதிர்ஷ்டம் வந்த மாதிரி ஊர் பூரித்தது.

பதின்மூன்று ஆட்டங்கள்

அதன் பிறகு நடந்ததை அமெரிக்கப் பத்திரிகைகள் நம்ப முடியாமல் எழுதின. பாஸ்டனில் ஒரு வருஷம் முழுவதும் வந்த கூட்டத்தை மில்வாக்கி எத்தனை ஆட்டங்களில் தாண்டியது தெரியுமா? பதின்மூன்றே ஆட்டங்களில்! மே மாதத்திலேயே அந்தக் கணக்குத் தீர்ந்துவிட்டது.

விஸ்கான்சின் மாநிலத்தின் பண்ணைக் கிராமங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். சாப்பாட்டு மூட்டையும் பீரும் கையோடு வந்தன. டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. ரேடியோவில் ஏர்ல் கில்லெஸ்பி ஆட்டத்தை வர்ணித்தார். அவர் கையில் எப்போதும் ஒரு மீன் வலை. தம் பக்கம் தப்பி வரும் பந்துகளை அந்த வலையை நீட்டிப் பிடிப்பார்!

இன்னொரு கூட்டமும் இருந்தது. மைதானத்தை அடுத்து ஒரு குன்று. அதன்மேல் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. யுத்தத்தில் அடிபட்டவர்களும் நோயாளிகளும் குன்றின் சரிவில் வந்து உட்கார்ந்து, வேலிக்கு மேலாக ஆட்டம் பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

அணியும் ஊர் வைத்த அன்புக்குக் குறை வைக்கவில்லை. போன வருஷம் ஏழாவது இடத்தில் கிடந்தது, இந்த வருஷம் 92 வெற்றிகளோடு இரண்டாவது இடத்துக்கு ஏறியது. முதலிடம் பெற்ற புரூக்ளின் மிகப் பலமான அணி. 105 ஆட்டங்களில் ஜெயித்தது.

எடி மாத்யூஸ் என்ற 21 வயது இளைஞர் 47 ஹோம் ரன் அடித்து லீகிலேயே முதல்வரானார். பந்து வீச்சாளர் வாரன் ஸ்பான் 23 வெற்றிகள் ஈட்டினார்; தோல்வி ஏழுதான். புரூட்டன் 26 தளங்களைத் திருட்டு ஓட்டத்தில் பிடித்து அதில் முதலிடம் பெற்றார். மே 25-ந் தேதி மாக்ஸ் சர்க்கான்ட் அடுத்தடுத்து எட்டு எதிரிகளை மட்டையில் பந்து படாமலே வெளியேற்றினார்.

ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்கள்தான். சிலர்தான் புதியவர்கள். காலியான ஆசனங்களுக்கு முன் ஆடுவது வேறு. முப்பதாயிரம் பேர் பெயர் சொல்லி அழைக்கும்போது ஆடுவது வேறு அல்லவா?

சீசன் முடிவில் மொத்தக் கணக்கு வந்தது. 18,26,397 பேர்! நேஷனல் லீகில் அதுவரை எந்த அணியும் ஒரு வருஷத்தில் காணாத கூட்டம். 1947-ல் புரூக்ளின் வைத்திருந்த சாதனை முறிந்தது.

பிறந்த வீட்டில் விட்டு வந்தது

மில்வாக்கி கொண்டாடிய அதே கோடையில் பாஸ்டனில் பிரேவ்ஸ் மைதானம் பல்கலைக் கழகம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. பழைய டிக்கெட் ஆபீஸ் கட்டடம் பிழைத்தது. பின்னாளில் அது பல்கலைக் கழகப் போலீஸ் நிலையமாயிற்று.

ஆனால் பிரேவ்ஸ் ஓர் அருமையான பொருளை அந்த ஊரில் விட்டுவிட்டு வந்தது. 1948-ல் புற்றுநோயால் படுத்திருந்த ஒரு சிறுவனின் கட்டிலருகே அந்த அணியின் வீரர்கள் போய் நின்றார்கள். அந்தக் காட்சி ரேடியோவில் நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. சிறுவனின் உண்மைப் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று அழைத்தார்கள். கேட்டவர்கள் பணம் அனுப்பினார்கள். டாக்டர் சிட்னி ஃபார்பரின் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அதுவே 'ஜிம்மி நிதி' ஆயிற்று.

அணி ஊர் மாறியபோது அந்த நிதியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இத்தனை நாள் போட்டியாளராக இருந்த ரெட் சாக்ஸ் அதை 1953-ல் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அது தொடர்ந்து வளர்ந்தது. இறந்திருப்பான் என்று பலரும் எண்ணிய 'ஜிம்மி', பெரியவராகி உயிரோடு இருப்பது 1998-ல் வெளியே தெரிந்தது!

மற்றவர்கள் கற்ற பாடம்

மில்வாக்கியின் 18 லட்சத்தை மற்ற முதலாளிகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஊர் மாறினால் பெட்டி நிறையும்' என்பதுதான் அவர்கள் கற்ற பாடம்.

1954-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பால்டிமோருக்குப் போயிற்று. 1955-ல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் கான்சாஸ் நகரம் போயிற்று. 1958-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும், நியூயார்க் ஜயன்ட்ஸ் சான்பிரான்சிஸ்கோவுக்கும் குடிபெயர்ந்தன. ஐம்பது வருஷம் நகராத தேர்கள், ஐந்தே வருஷத்தில் நாலு திசையிலும் ஓடின.

அப்போது மில்வாக்கிக்கு அது வேடிக்கை. 1954 முதல் 1957 வரை ஆண்டுதோறும் 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1954-ல் ஹாங்க் ஆரன் என்ற இருபது வயது வீரர் சேர்ந்தார். 1957-ல் அவர் அடித்த ஹோம் ரன் லீக் பட்டத்தைத் தந்தது. அதே ஆண்டில் நியூயார்க் யாங்கீஸை வென்று மில்வாக்கி உலகக் கோப்பையையும் வாங்கியது.

ஆனால் 1953-ல் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. மைதானம் ஊர் ஜனங்களுடையது. அணி யாருடையது?

போன வழி

விடை மெள்ள மெள்ளத் தெரிந்தது. புரூட்டனை 1960 டிசம்பரில் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1961-ல் பக்கத்து மாநிலமான மினசோட்டாவுக்கும் ஓர் அணி வந்தது. ரசிகர்கள் பிரிந்தார்கள். அதே ஆண்டு, வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பீர் கொண்டுவரத் தடை போட்டார்கள். பீர் நகரத்துக்கு இது பெரிய மனக்கசப்பு. 1962-ல் வந்தவர்கள் 7 லட்சத்து 67 ஆயிரம்தான். அந்த வருஷ முடிவில் பெரினி, சிகாகோ பணக்காரர்கள் சிலருக்கு அணியை விற்றுவிட்டார்.

புதிய முதலாளிகளின் பார்வை தெற்கே அட்லாண்டாவில் விழுந்தது. 1964-லேயே போக முயன்றார்கள். மைதான ஒப்பந்தம் 1965 வரை இருந்ததால் கோர்ட்டு தடுத்தது. போகப் போவது உறுதி என்று தெரிந்த பெண்ணோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்திய கதைதான்! 1965-ல் வந்தவர்கள் ஐந்தரை லட்சம் பேர். செப்டம்பர் 22-ந் தேதி இரவு கடைசி ஆட்டம். 12,577 பேர் வந்து விடைகொடுத்தார்கள். பாஸ்டனுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு மட்டும் மில்வாக்கிக்குக் கிடைத்தது.

விஸ்கான்சின் மாநிலம் வழக்குத் தொடுத்தது. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தது. 1966 ஜூலையில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

பிரேவ்ஸ் மில்வாக்கியில் ஆடியது 13 சீசன்கள். அவற்றில் ஒன்றில்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகம் இல்லை. ஆட்டம் சரியில்லை என்று அணி போகவில்லை. வேறோர் ஊரில் வருமானம் அதிகம் என்றுதான் போயிற்று. பாஸ்டனை விட்டு வந்ததும் அதே காரணத்தால்தானே!

மறுபடியும் ஒரு ஏப்ரல்

கதை அங்கே முடியவில்லை. பட் செலிக் என்ற மில்வாக்கி கார் வியாபாரி விடாப்பிடியாக அலைந்தார். சியாட்டில் நகரில் பைலட்ஸ் என்ற அணி 1969-ல் ஒரே சீசன் ஆடித் திவாலாயிற்று. 1970 மார்ச் 31-ந் தேதி அது மில்வாக்கிக்குக் கிடைத்தது. சீசன் தொடங்க ஒரே வாரம்! சாமான் ஏற்றிய லாரிகள் எந்த ஊர்ப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவழியில் உட்டா மாநிலத்தில் காத்து நின்றன. புதுச் சட்டை தைக்க நேரமில்லை. 'பைலட்ஸ்' என்ற எழுத்துக்களைப் பிரித்தெடுத்துவிட்டு 'புரூவர்ஸ்' என்று தைத்துக்கொண்டார்கள். பீர் காய்ச்சுகிறவர்கள் என்று பொருள்.

ஏப்ரல் 7-ந் தேதி அதே கவுண்டி ஸ்டேடியம். 37,237 பேர் வந்தார்கள். அணி 12-0 என்று தோற்றது. ஆனாலும் ஜனங்கள் மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பினார்கள். அன்று சியாட்டிலில் எத்தனை பேர் முகம் வாடி இருந்தார்களோ! பாஸ்டனின் துக்கம் 1953-ல் மில்வாக்கிக்குத் தெரியவில்லை. 1965-க்குப் பிறகு தெரிந்தது.

1954-ல் மில்வாக்கியில் ஆடத் தொடங்கி, அட்லாண்டாவுக்கும் போன ஹாங்க் ஆரன், கடைசி இரண்டு சீசன்கள் ஆட மில்வாக்கிக்கே திரும்பி வந்தார். 1976 ஜூலை 20-ந் தேதி தமது 755-வது ஹோம் ரனை அடித்தார். அதுவே அவருடைய கடைசி ஹோம் ரன். அந்தப் பந்து பறந்தது, 23 வருஷத்துக்கு முன்பு ஸ்லாட்டரின் கையுறையிலிருந்து பந்து நழுவிய அதே மைதானத்தில்தான்.

அணி வந்தது, போயிற்று, வேறு அணி வந்தது. ஊர் ஜனங்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானம் மட்டும் 2000-ம் ஆண்டு வரை இருந்த இடத்திலேயே இருந்தது.